பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது?

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் உள்ளது. அங்கே 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து ஏராளமானோர் அங்கு வேலைக்குப் போனார்கள்.

1930-இல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆட்களைப் பதிவு செய்ய அவர்களிடம் கைரேகை கேட்டார்கள். அதை எதிர்த்துத்தான் அந்த வேலைநிறுத்தம்.

அது தொழிலாளியை அடையாளம் காண முதலாளி வைத்த பதிவு. முதலாளியைக் கணக்குக் காட்டச் சொல்லும் பதிவேடும் உண்டு. அதுதான் சம்பளப் பதிவேடு.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதன் பிறகு ஆண்களும் பெண்களும் தினமும் ரயிலில் பெங்களூர் போய் வேலை செய்கிறார்கள். கட்டட வேலை, துப்புரவு வேலை, தையல் ஆலை வேலை என்று பல வேலைகள். பலருக்குக் காண்ட்ராக்டர்தான் சம்பளம் தருகிறார். அவர்களுக்கும் இந்தப் பதிவேடு முக்கியம்.

சம வேலைக்குச் சம சம்பளம்

ஆணும் பெண்ணும் ஒரே கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறார்கள். வேலை நேரமும் ஒன்றே. ஆணுக்கு நாளுக்கு 500 ரூபாய், பெண்ணுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது சரியா? சரியல்ல. சட்டப்படி குற்றம்.

1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. வேலை செய்வோரை வகை வகையாகப் பிரித்துப் பதிவேடு எழுத வேண்டும் என்று அதன் விதிகள் கூறின. ஒவ்வொரு வகைக்கும் என்ன வேலை? அதில் ஆண்கள் எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர்? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எவ்வளவு? இவை எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

இவ்வளவு விவரம் எதற்கு? வாயால் சொன்னால் மறுத்துவிடலாம். எழுதி வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பெயரை மாற்றினால் போதுமா?

சிலர் தந்திரம் செய்வார்கள். ஆணின் வேலைக்கு ஒரு பெயர் வைப்பார்கள். பெண்ணின் வேலைக்கு வேறு பெயர் வைத்துச் சம்பளத்தைக் குறைப்பார்கள்.

பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்சி என்ற கம்பெனி இருந்தது. அங்கே பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண் வழக்குத் தொடுத்தார். பெண்கள் வேறு வகை ஊழியர்கள் என்று கம்பெனி வாதாடியது. உச்ச நீதிமன்றம் 1987-இல் அதை ஏற்கவில்லை. பெயரைப் பார்க்கக் கூடாது, உண்மையில் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவை ஒன்றாக இருந்தால் சம்பளமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்றைய சட்டம்

1976-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பில் அது சேர்ந்துவிட்டது. இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. அது சொல்வது என்ன?

ஒரே மாதிரி வேலைக்கு ஆண், பெண் பார்த்துச் சம்பளம் தரக் கூடாது. சமமாக்குகிறேன் என்று சொல்லி யாருடைய சம்பளத்தையும் குறைக்கவும் கூடாது.

முதலாளி பதிவேடு வைக்க வேண்டும். யார் யார் வேலை செய்கிறார்கள், எத்தனை நாள் வந்தார்கள், எவ்வளவு சம்பளம் என்று அதில் எழுத வேண்டும்.

எந்த வகை ஊழியருக்கு எவ்வளவு சம்பளம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். சம்பள நாள், ஆய்வாளரின் பெயர், முகவரி ஆகியவையும் அதில் இருக்க வேண்டும்.

தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டுத் தர வேண்டும்.

விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேர் வரை வைத்திருப்பவருக்குப் பதிவேட்டு விதியில் விலக்கு உண்டு. ஆனால் ஆய்வாளர் கேட்டால், சம்பளம் கொடுத்ததற்கு அவரும் சான்று காட்ட வேண்டும்.

படித்துப் பார்த்துக் கையெழுத்து

400 ரூபாய் வாங்கியவர் 500 ரூபாய் என்று எழுதிய இடத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? நாளைக்கு அந்தக் கையெழுத்தே அவருக்கு எதிரான சாட்சி. அதனால் தொகையைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைக்க வேண்டும். வந்த நாள்களை வீட்டில் ஒரு நோட்டிலும் குறித்து வைப்பது நல்லது.

சம்பளம் குறைந்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். பாக்கித் தொகையை மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். தொழிற்சங்கமும் தொழிலாளிக்காக மனுக் கொடுக்கலாம்.

அறிவிப்புப் பலகையில் இருப்பது முதலில் சில வரிகள்தான். அந்த வரிகளைப் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.