வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணி கொடுக்கக் கூடாதா? குடலுக்குள் நடப்பது என்ன?

"தண்ணி குடிச்சா இன்னும்தான் போகும், கொடுக்காதே" - வயிற்றுப்போக்கு வந்த வீட்டில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. ஆனா, உயிருக்கே ஆபத்தாகும் தப்பு இதுதான். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம். அந்தக் காலராதான் இதற்குச் சரியான உதாரணம்.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருது?

தினமும் சுமார் 8 லிட்டர் திரவம் குடலுக்குள் வருகிறது. நாம் குடிப்பது 2 லிட்டர்தான். மீதி உமிழ்நீர், பித்தநீர் என உடம்பே சுரப்பது. பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப உறிஞ்சிவிடும். மலத்தில் போவது 100 முதல் 200 மில்லிதான்.

ஷட்டரைத் திறப்பது யார்?

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் பாயும் இல்லையா? குடல் செல்களிலும் அப்படி ஒரு ஷட்டர் உண்டு. குடல் நரம்புகள் ரசாயன சிக்னல் அனுப்பினால், செல்லுக்குள் 'சைக்ளிக் ஏ.எம்.பி.' என்ற பொருள் கூடும். உடனே குளோரைடு வெளியேறும் வாசல் திறக்கும். உப்பு போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். உணவு வழுக்கிச் செல்ல இது தேவை. வேலை முடிந்ததும் வாசல் மூடிவிடும்.

காலரா கிருமியின் நச்சு இதை மூட விடாது. பாதிப்பு கடுமையானால் மணிக்கு 1 லிட்டர் வரைகூட வெளியேறலாம். இந்த நச்சை 1959-ல் நிரூபித்தவர் கொல்கத்தா விஞ்ஞானி சம்புநாத் டே.

ஓ.ஆர்.எஸ். எப்படிக் காப்பாற்றுது?

குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும் வாசல் ஒன்று குடலில் தனியாக இருக்கிறது. காலரா நச்சால் அதைக் கெடுக்க முடியாது. அதன் வழியாகத் தண்ணீரும் உடம்புக்குள் போகும். 1971-ல் மேற்கு வங்க அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த உயிரிழப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

என்ன செய்யணும்?

* பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு சுத்தமான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க.
* பாக்கெட் இல்லையா? 1 லிட்டர் தண்ணீர், 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனில் தலைதட்டி அளக்கணும்.
* ஜூஸ், சோடா வேண்டாம். அதிக சர்க்கரை, தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும்.
* குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீங்க.
* கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மயக்கமாக இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. போகும் வழியிலும், விழுங்க முடிகிறவரை கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்க.