ஐக்கிய அமெரிக்க அரசியல் யாப்பின் அடிப்படைகள்

ஆள்வோனைக் கட்டுப்படுத்துவது யாது என்னும் வினா, ஆட்சி தோன்றிய காலந்தொட்டு எழுந்துவரும் வினாவாகும். அரசன் நெறி தவறுமிடத்து அஞ்சாது இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளல் வேண்டுமென நம் நீதிநூலோர் விடை கூறினர். அவ்விடை அரசனின் பண்பை அடிநிலையாகக் கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் யாப்பை வகுத்தோர் வேறொரு விடை கண்டனர். ஆள்வோர் நல்லவராயிருப்பர் என நம்பி ஆட்சியை அமைத்தலாகாது. நல்லரல்லாதார் பதவியில் அமர்ந்தபோதும் குடிகளின் உரிமை கெடாதவாறு, அதிகாரத்தை அதிகாரத்தாலேயே தடுத்தல் வேண்டும் என்பதே அவர்தம் கருத்து. அக்கருத்து யாப்பில் எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், நடைமுறையில் எவ்வளவு பயன்பட்டது என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

யாப்புத் தோன்றிய வரலாறு

1776ஆம் ஆண்டு பிரித்தானிய முடியாட்சியினின்றும் விடுதலை பெற்றதாகப் பிரகடனஞ்செய்த 13 குடியேற்ற நாடுகளும், 1781இல் ஒரு தளர்ந்த கூட்டாக இணைந்தன. அக்கூட்டின் பொதுச்சபைக்கு வரி விதிக்கும் அதிகாரம் இருக்கவில்லை. கூட்டின் விதிகளைத் திருத்துவதற்கு 13 மாநிலங்களின் சம்மதமும் வேண்டப்பட்டது. போர்க்கடன் பெருகியது, மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 1786இல் கடன்பட்ட உழவர் கிளர்ந்தெழுந்தனர். கொடுங்கோலுக்கு அஞ்சி அமைத்த ஆட்சி, கோலே இல்லாத ஆட்சியாயிற்று.

இந்நிலையை மாற்றுதற்பொருட்டு 1787ஆம் ஆண்டு மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை பிலடெல்பியா நகரிலே 12 மாநிலங்களின் பிரதிநிதிகள் 55 பேர் கூடினர். றோட் ஐலன்ட் எவரையும் அனுப்பவில்லை. ஜோர்ஜ் வாஷிங்டன் தலைமை தாங்கினார். ஆளும் வலிமையும் வேண்டும், அவ்வலிமைக்கு எல்லையும் வேண்டும் என்பதே அவர்கள்முன் நின்ற சிக்கல். அங்கு வகுக்கப்பட்ட ஏழு உறுப்புரைகளைக் கொண்ட யாப்பு, வேண்டிய ஒன்பது மாநிலங்களின் சம்மதத்தை 1788இற் பெற்று, 1789இல் நடைமுறைக்கு வந்தது.

சமஷ்டி முறை

யாப்பு அதிகாரத்தை முதலில் இரு கூறாக்கியது. பாதுகாப்பு, வெளிநாட்டுறவு, நாணயம், மாநிலங்களுக்கிடையேயான வணிகம் முதலியன மத்திய அரசுக்கு எண்ணி வழங்கப்பட்டன. அவ்வாறு வழங்கப்படாதனவும் மாநிலங்களுக்கு மறுக்கப்படாதனவுமான அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்பதைப் பத்தாந் திருத்தம் தெளிவாக்கிற்று. கல்வி, பொலிஸ், உள்ளூராட்சி ஆகியன பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பாயின. ஆயினும், யாப்புக்கமைந்த மத்திய சட்டத்தோடு மாநிலச் சட்டம் முரணுமிடத்து மத்திய சட்டமே மேலோங்கும்.

வலுவேறாக்கம்

சட்டமியற்றல், நிருவகித்தல், நீதி வழங்கல் என்னும் மூன்றும் ஒரு கையிற் சேருமாயின் குடிகளுக்குச் சுதந்திரம் இல்லை என்பது பிரெஞ்சு அறிஞர் மொன்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட நூலின் கருத்து. அமெரிக்க யாப்பு இதனை வெகுவாக ஏற்றது. பிரித்தானிய முறையிலே மந்திரிமார் பாராளுமன்றத்தில் அமர்ந்து அதன் நம்பிக்கை உள்ளவரை ஆள்வர். அமெரிக்காவிலோ சனாதிபதியும் அவருடைய செயலாளரும் காங்கிரஸின் அங்கத்தவராயிருத்தல் இயலாது. காங்கிரஸைக் கலைக்கும் உரிமையும் சனாதிபதிக்கில்லை.

காங்கிரஸ் இரு சபைகளையுடையது. பிரதிநிதிகள் சபையின் 435 அங்கத்தவரும் சனத்தொகைக்கேற்ப ஈராண்டுக்கொருமுறை தெரிவுசெய்யப்படுவர். செனற்சபையில் மாநிலம் ஒவ்வொன்றுக்கும், பெரிதாயினும் சிறிதாயினும், இருவர் இடம்பெறுவர். 50 மாநிலங்களுக்கும் 100 பேராகிய இவர்களின் பதவிக்காலம் ஆறாண்டு. பெரிய மாநிலங்களும் சிறிய மாநிலங்களும் 1787இற் செய்துகொண்ட இணக்கத்தின் பயனே இவ்வேற்பாடு. சனாதிபதி நான்காண்டுக்கு, 538 தேர்வாளர் கொண்ட குழுவாற் தெரிவுசெய்யப்படுவார். ஒருவர் இருமுறைக்குமேல் அப்பதவிக்குத் தெரிவாகலாகாது என 1951ஆம் ஆண்டின் 22ஆந் திருத்தம் விதித்தது. உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் ஒன்பதின்மரும் நன்னடத்தையுள்ள காலமெல்லாம் பதவி வகிப்பர்.

தடையும் சமனும்

மூன்று துறைகளையும் வேறாக்கியதோடு யாப்பு அமையவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏனையவற்றின் கருமத்திற் கைவைக்கச் சிறிது உரிமையும் அளித்தது. காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவைச் சனாதிபதி மறுக்கலாம்; இரு சபைகளும் தனித்தனி மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் அம்மறுப்பை வெல்லலாம். சனாதிபதி செய்யும் பொருத்தனை செனற்சபையின் மூன்றிலிரண்டு ஆதரவின்றிச் செல்லாது. முதலாம் உலக மகாயுத்தத்தின்பின் சனாதிபதி வில்சன் முன்னின்று ஆக்கிய வேர்சேய் உடன்படிக்கையை அச்சபை 1919இலும் 1920இலும் ஏற்க மறுத்தது. சனாதிபதிமேற் பிரதிநிதிகள் சபை குற்றஞ்சாட்ட, செனற்சபை விசாரித்து நீக்கவும் விதியுண்டு. 1868இல் அன்ட்ரூ ஜோன்சன் ஒரே வாக்கினால் தப்பினார். இன்றுவரை எந்தச் சனாதிபதியும் இம்முறையால் நீக்கப்படவில்லை.

யாப்புக்கு முரணான சட்டம் செல்லாதெனத் தீர்க்கும் உரிமை நீதிமன்றத்துக்கு உண்டென யாப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் 1803இல் மார்பரி எதிர் மடிசன் என்னும் வழக்கில் அதனை நிலைநாட்டினார்.

உருக்காலை வழக்கு

இவ்வமைப்பின் இயல்பை விளக்க ஒரு வழக்கே போதும். கொரிய யுத்தம் நிகழ்ந்த 1952ஆம் ஆண்டிலே, உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்ய முற்பட்டனர். உருக்கு இன்றேல் படைக்கலம் இல்லை. ஆகவே ஏப்ரில் 8ஆந் திகதி சனாதிபதி ட்ரூமன், ஆலைகளை அரசாங்கம் பொறுப்பேற்குமாறு பணித்தார். அதற்குச் சட்டம் எதுவும் அவருக்கு அதிகாரம் அளித்திருக்கவில்லை. ஆலை உரிமையாளர் வழக்கிட்டனர். படைகளின் தலைவராகிய சனாதிபதிக்கு நெருக்கடி வேளையில் இத்தகைய உரிமை உண்டென அரசாங்கம் வாதித்தது.

யூன் 2ஆந் திகதி உயர் நீதிமன்றம், நீதியரசர் அறுவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அவ்வாணை செல்லாதெனத் தீர்த்தது. அந்நீதியரசர் ஒன்பதின்மரும் ட்ரூமனாலோ அவர் கட்சியைச் சேர்ந்த முன்னைச் சனாதிபதி ரூஸ்வெல்டாலோ நியமிக்கப்பட்டவரே. ட்ரூமனே நியமித்த இருவர் அவருக்கெதிராகத் தீர்ப்பளித்தனர். நீதிமன்றத்துக்குப் படையுமில்லை, பணப்பெட்டியுமில்லை. ஆயினும் சனாதிபதி ஆலைகளை மீளக் கொடுத்தார். 50 நாட்களுக்குமேல் வேலைநிறுத்தம் நீடித்தது. யுத்தகாலத்திலும் சட்டமே தலைவன் என்னும் உண்மை நிலைபெற்றது.

குறையும் திருத்தமும்

இங்ஙனம் புகழ்வதோடு நிறுத்துதல் உண்மைக்கு மாறாகும். சுதந்திரத்தைப் பேணவெழுந்த அதே யாப்பு அடிமை முறையையும் பொறுத்துக்கொண்டது. பிரதிநிதிகளைக் கணிக்கும்போது அடிமைகள் ஐவரை மூவராக எண்ணியது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொணர்தலை 1808க்கு முன் காங்கிரஸ் தடைசெய்யலாகாதென்றது. கறுப்பின மக்கள் நாட்டின் பிரசைகளாதல் இயலாதென 1857இற் தீர்த்ததும் அவ்வுயர் நீதிமன்றமே. தீங்கைத் தடுக்கவென அமைத்த தடைகள் தீங்கைக் காக்கும் அரணாகவும் நிற்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

உள்நாட்டுப் போரின் பின்னரே 13ஆந் திருத்தம் 1865இல் அடிமை முறையை ஒழித்தது. 1868இல் 14ஆந் திருத்தம் பிரசாவுரிமையையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பையும் உறுதியாக்கியது. 1870இல் 15ஆந் திருத்தம், இனங்காரணமாக வாக்குரிமை மறுக்கலாகாதென்றது. எழுதிய எழுத்து உடனே உயிர்பெறவில்லை. இனவாரியாகப் பிரித்துவைத்தலை நீதிமன்றம் 1896இல் அங்கீகரித்தது. பாடசாலைகளில் அது யாப்புக்கு முரணென 1954இற் தீர்த்தபின்னும், லிற்றில் றொக் நகரிலே கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் பள்ளியுட் செல்வதற்கு 1957இல் சனாதிபதி ஐசனோவர் படையனுப்ப வேண்டியதாயிற்று.

திருத்தஞ் செய்தல் எளிதன்று. பொதுவழியாவது, காங்கிரஸின் இரு சபைகளிலும் மூன்றிலிரண்டு பெரும்பான்மை பெற்று, பின் மாநிலங்களுள் நாலில் மூன்று பங்கு, அதாவது 38 மாநிலங்கள், ஏற்றல் வேண்டும். அடிப்படை உரிமைகளைக் கூறும் முதற் பத்துத் திருத்தங்கள் 1791இல் நிறைவேறின. 1920இன் 19ஆந் திருத்தம் பெண்களின் வாக்குரிமையை உறுதியாக்கிற்று. 1992இல் நிறைவேறியதோடு திருத்தங்களின் தொகை 27 ஆயிற்று.

முடிவுரை

ஆள்வோனின் நற்பண்பை நம்பாது ஆட்சியை அமைத்தனர் அமெரிக்க யாப்பினர். எனினும் 1952இல் ட்ரூமன் தீர்ப்புக்குப் பணியாதிருந்தால், 1957இல் ஐசனோவர் வாளாவிருந்தால், யாப்பின் சொற்கள் தாமே எழுந்து நின்று போரிட்டிருக்கமாட்டா. உரிமை மறுக்கப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக வழக்காடியும் போராடியும் இராவிடின், திருத்தங்களும் ஏட்டிலேயே கிடந்திருக்கும். அணையின்றி ஆறு அடங்காது. ஆயின் அணையைக் காப்போர் அயர்ந்தால் அணையும் நில்லாது. நீதிநூலோர் வேண்டிய பண்பும் யாப்பினர் வகுத்த அமைப்பும் ஒன்றையொன்று வேண்டிநிற்பன என்பதே, இந்த யாப்பின் வரலாறு அரசியல் பயில்வோர்க்கு உணர்த்தும் பாடமாகும்.