ஹலோவீனுக்குப் பிள்ளைகளோடு சில கைவேலைகள்

ஒக்ரோபர் மாதம் பிறந்ததும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டு வருவார்கள். 31ஆந் திகதி ஹலோவீன், விரும்பியவர்கள் வேடமிட்டு வரலாம் என்று அதில் இருக்கும். கனடாவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு இது பெரிய தலையிடி. கடையில் விற்கும் வேட உடுப்பின் விலையைப் பார்த்தால் ஒரு கிழமைக்கு மரக்கறி வாங்கலாம் போலிருக்கும். வீட்டில் அம்மம்மா இருந்தால், "பேயை வீட்டுக்குள்ளே கூப்பிடப் போறியளோ?" என்று கேட்பா.

அதைவிடப் பெரிய சங்கடமும் உண்டு. கடை வாசலில் பிளாஸ்ரிக் எலும்புக்கூடு, இரத்தம் பூசிய கை, கல்லறைக் கல் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். உண்மையாகவே இவற்றைக் கண்டு ஓடி வந்தவர்கள் நாங்கள். எங்களில் சிலர் அந்த மாதம் முழுவதும் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வேடத்தோடு நிற்க, எங்கள் பிள்ளை மட்டும் சுவரோரம் நிற்பதை எண்ணினால் அதுவும் மனதுக்குக் கஷ்டம்தான். ஆகவே எங்கள் மாடியில் உள்ள நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தோம். இரத்தம் வேண்டாம், துவக்கு வேண்டாம். மற்றதெல்லாம் வீட்டிலேயே செய்வோம்.

இந்தப் பண்டிகையும் வந்தேறிகள் கொண்டு வந்ததுதான். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் கோடை முடியும் இரவில் இறந்தவர்களின் ஆவி உலவும் என்று நம்பினார்கள். நவம்பர் 1 கத்தோலிக்கருக்குச் சகல புனிதர் திருநாள், அதற்கு முந்திய இரவுதான் ஹலோவீன். அவர்கள் அங்கே ரேணிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். இங்கே வந்த பிறகு, பெரிதும் குடைய இலகுவானதுமான பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டார்கள். 1847இல் மட்டும் பஞ்சத்துக்குத் தப்பி 38,000க்கு மேற்பட்ட ஐரிஷ் மக்கள் ரொறன்ரோவுக்குக் கப்பலில் வந்து இறங்கினார்கள். அப்போது இந்த நகரத்தின் சனத்தொகை ஏறக்குறைய 20,000தான்! இதைச் சொன்ன பிறகு அம்மம்மாவும் கொஞ்சம் இறங்கி வந்தா.

இனி வேலைக்கு வருவோம். பூசணிக்காயை இரண்டு மூன்று நாளைக்கு முன்னர் மட்டும் வெட்டுங்கள், முந்தி வெட்டினால் அழுகிவிடும். மூடியை வெட்டும்போது கத்தியை உள்நோக்கிச் சரித்துப் பிடியுங்கள். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். கத்தி வேலை பெரியவர்களுக்கு. கரண்டியால் உள்ளே சுரண்டுவதும், முகத்தைப் பேனையால் கீறுவதும் பிள்ளைகளுக்கு. எங்கள் பிள்ளைகள் கீறிய முகம் ஊர்த் தோட்டத்து வெருளி மாதிரியே வந்தது. விதையைக் கழுவிக் காயவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தால் தேத்தண்ணீரோடு சாப்பிட நல்லது. உள்ளே மெழுகுதிரி வேண்டாம், பற்றரி விளக்கு வையுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு முட்டை வரும் மட்டைப் பெட்டி போதும். ஒரு குழியை வெட்டி எடுத்துக் கறுப்பு மை பூசி, இரு பக்கமும் நாலு நாலு கம்பளி நூல் ஒட்டினால் சிலந்தி. கறுப்புக் கடுதாசியை இரண்டாக மடித்து ஒரு பாதி வௌவாலைக் கீறி வெட்டி விரித்தால் முழு வௌவால். பஞ்சை உருட்டி வெள்ளை ரிஷ்யூவால் மூடிக் கழுத்தில் நூல் கட்டினால் பேய். அந்தப் பேயைப் பார்த்தால் பயம் வராது, சிரிப்புத்தான் வரும்.

வேடத்துக்கு நாங்கள் தொழிற்சாலையில் எறியும் பெட்டிகளைக் கேட்டு எடுத்து வருகிறோம். கேட்காமல் எடுக்காதீர்கள். தலைக்கும் கைக்கும் துளை வெட்டி, சமையல் அலுமினியத் தாளைச் சுற்றினால் இயந்திர மனிதன். மஞ்சள் மை பூசிச் சில்லு ஒட்டினால் பள்ளிக்கூட பஸ். போன முறை ஆறு வயதுப் பையன் ஒருவன் பஸ்ஸாகத்தான் போவேன் என்று நின்றான், போனான், வாசலில்தான் கொஞ்சம் இறுகிப்போனான். எதைச் செய்தாலும் குளிர்க் கோட்டுக்கு மேலே போடக்கூடிய அளவில் செய்யுங்கள். அன்றிரவு குளிர் சும்மா விடாது. முகமூடி கண்ணை மறைக்கும், அதைவிட முகத்தில் மை பூசுவது பாதுகாப்பு. சொக்லேற் வாங்கப் பழைய தலையணை உறை போதும். வாசல் லைற் எரியும் வீட்டுக்கு மட்டும் போகலாம், கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டு வந்து பெரியவர்கள் பார்த்த பிறகே சாப்பிட வேண்டும். சிறு பிள்ளைகளோடு ஒரு பெரியவர் கட்டாயம் போங்கள்.

சில பள்ளிக்கூடங்கள் வேடம் வேண்டாம், செம்மஞ்சளும் கறுப்பும் உடுத்து வாருங்கள் என்று எழுதும். கடிதத்தை வடிவாக வாசியுங்கள், விளங்காவிட்டால் ஆசிரியரிடம் கேளுங்கள்.

முடிந்த பிறகு பூசணிக்காய் பச்சைத் தொட்டிக்குப் போகட்டும். பற்றரி விளக்குகளை மட்டும் எடுத்துத் துடைத்து வையுங்கள். கார்த்திகை விளக்கீட்டுக்குப் பல்கனியில் நெருப்பு வைக்க விடமாட்டார்கள், அப்போது அவை உதவும்.