தோற்றபின் வீடு திரும்புவது எப்படி?



நம் பங்கில் பிறந்து, நம் கையால் புதுநன்மை வாங்கி, இன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் வாழ்ந்துவரும் இளைஞர் ஒருவர் நமக்கொரு கடிதம் எழுதியிருந்தார். பெயர் வேண்டா. வெள்ளிக்கிழமை இரவுகளில் நண்பர் அறுவர் ஒரு வீட்டில் கூடிப் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடுவார்களாம். தலைக்கு ஐம்பது டாலர். அதற்குமேல் எவரும் போடுவதில்லை. அவருடைய ஊதியத்திற்கு இது பெருந்தொகையன்று. ஆயினும் தொடர்ந்து நான்கு வாரம் தோற்றதில் உறக்கம் கெட்டது. ஐந்தாம் வாரமும் தோற்றுத் திரும்பிய இரவில், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கதவைத் திறந்துகொண்டே கேட்ட மனைவியிடம், திருமணமான நாள்முதல் பேசாத பேச்சையெல்லாம் பேசிவிட்டாராம்.

"சுவாமி, சீட்டாடுவது பாவமா? பணம் போனது வலிக்கவில்லை. தோற்றது மட்டும் ஏன் இப்படி வலிக்கிறது?" என்று கேட்டிருந்தார்.

முதற் கேள்விக்கு விடை சுருக்கமானது. 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 2413-ஆம் எண்ணில் இதைப் பற்றிப் பேசுகிறது. சீட்டு முதலிய ஆட்டங்கள் தம்மளவில் நீதிக்கு மாறானவை அல்ல; ஒருவனுக்கும் அவனைச் சார்ந்தோர்க்கும் வாழ்வுக்குத் தேவையானதைப் பறிக்கும்போதே அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன; ஆட்டவெறி மனிதனை அடிமையாக்கும் ஆபத்து உண்டு என்பது அதன் சாரம். நம் நாட்டில் இணையம் வழியாகப் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கைப்பேசியில் விடியவிடிய ரம்மி ஆடிக் கடனாளியானவர்களின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஆறுதல் சொல்லியிருக்கிறோம். ஆகவே அச்சட்டத்தைக் குறித்து நமக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆனால் இந்தக் கடிதத்தின் செய்தி வேறு. இங்கே சோறு பறிபோகவில்லை. வீட்டின் அமைதி பறிபோயிற்று.

இரண்டாம் கேள்விதான் நம்மைச் சில நாள் சிந்திக்க வைத்தது. அதற்காக அந்த ஆட்டத்தைப் பற்றியும் சற்றுக் கற்றுக்கொண்டோம். ஒவ்வொருவர் கையிலும் மூடிய சீட்டு இரண்டு. மேசையில் எல்லார்க்கும் பொதுவாகத் திறக்கப்படும் சீட்டு ஐந்து. இவ்வேழிலிருந்து மிகச் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் வெல்கிறார். இடையிடையே பந்தயம் ஏறும். பிறர் சீட்டு தெரியாமலே முடிவெடுக்க வேண்டும். கையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சோடி இரண்டு ஆசு. அது வருவது 221 முறைக்கு ஒருமுறை. அப்படி வந்து, எதிராளியிடம் இரண்டு ராசா மட்டும் இருந்தாலும், நூற்றுக்கு ஏறக்குறைய 18 முறை ஆசு தோற்றே தீரும். திறமையும் உண்டு, தற்செயலும் உண்டு. சதுரங்கத்தில் தோற்றவன் தன் தவறைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளலாம். இங்கேயோ தவறே செய்யாமலும் தோற்கலாம். நம் இளைஞரின் நெஞ்சில் தைத்த முள் இதுவே.

2003-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஆடியவர்கள் 839 பேர். பத்துப் பேர் எஞ்சிய கட்டத்தில், தேர்ந்த ஆட்டக்காரரான பில் ஐவியும், டென்னசி மாநிலத்துக் கணக்கரான கிறிஸ் மணிமேக்கர் என்பவரும் மோதினார்கள். ஐவியிடம் மூன்று ஒன்பதும் இரண்டு ராணியும் சேர்ந்துவிட்டன. கணக்கரிடம் மூன்று ராணி மட்டுமே. திறக்க வேண்டியது ஒரே சீட்டு. தெரியாத 44 சீட்டுகளில் ஏழே ஏழுதான் கணக்கரைக் காப்பாற்றக்கூடியவை. அந்த ஏழில் ஒன்றான ஆசு வந்து விழுந்தது! ஐவி பத்தாம் இடத்தோடு எழுந்து வெளியேறினார். கணக்கர் இறுதியில் இருபத்தைந்து லட்சம் டாலர் வென்றார். அன்று ஐவி செய்த தவறு யாது? ஒன்றுமில்லை. அவர் ஆட்டத்தை விட்டுவிடவுமில்லை. 2024-இல் அதே தொடரில் தம் பதினோராவது வெற்றிக் காப்பை அணிந்தார்.

இழப்பின் வலியைப் பற்றி டேனியல் கானமன், ஏமஸ் துவர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஒரு தொகையைப் பெறுவதில் உண்டாகும் மகிழ்ச்சியைவிட அதே தொகையை இழப்பதில் உண்டாகும் நோவு மனித மனத்தில் கனமாக நிற்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். பிந்திய மதிப்பீடு ஒன்றில் அவ்விருவரே அதனை ஏறத்தாழ இரு மடங்கு என்றார்கள். ஆகவே பாதி நாள் வென்று பாதி நாள் தோற்பவனும் கணக்கில் சமனாயிருந்துகொண்டே மனத்தில் கடனாளியாகிறான்.

அந்நிலையில் வரும் கோபத்திற்கு ஆட்டக்காரர்கள் 'டில்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பின்பால் என்னும் பொறியாட்டத்திலிருந்து வந்த சொல் இது. குண்டு தனக்கு வேண்டிய பக்கம் ஓடவில்லையென்று ஆடுபவன் பொறியைப் பிடித்துக் குலுக்கினால், 'சாய்ந்தது' என்ற அறிவிப்போடு பொறி செயலற்றுப் போகும். எவ்வளவு பொருத்தமான பெயர்!

நாம் மட்டும் யோக்கியமா? குருமடத்தில் பயின்ற காலத்தில் ஞாயிறு மாலைகளில் 304 ஆடுவோம். காசு கிடையாது, தோற்ற அணி அன்றிரவு சமையலறைச் சட்டிகளைத் துலக்க வேண்டும், அவ்வளவே. ஒருநாள் நம் கூட்டாளி துருப்பைத் தவறான நேரத்தில் இறக்க, கைக்கு வந்த வெற்றி நழுவிற்று. நாம் சீட்டுகளை மேசைமேல் வீசியெறிந்து எழுந்துபோனோம். ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. சிற்றாலயத்தில் பக்கத்துப் பக்கத்து இடம். ஒரே செபப் புத்தகம். பேச்சு மட்டும் இல்லை. ஒரு சோற்றுச் சட்டிக்காக ஒன்பது நாள்! 'நான் தோற்கத் தகாதவன்' என்ற எண்ணம் உள்ளே ஒளிந்திருந்ததை அன்று நாம் அறியவில்லை.

இளைஞருக்கு நாம் எழுதிய பதிலின் முதல் வரி ஆட்டத்தைப் பற்றியதன்று. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாயிற்றா என்பதே அது. கணவன் சோர்ந்து வரும்போது மனைவி பொறுத்துப்போக வேண்டும் என்று இவ்விடத்தில் எழுதுவது நம் பக்கங்களின் பழைய வழக்கம். நாம் எழுதவில்லை. தோற்றவர் அவர், அந்த அம்மையார் அல்லர்.

அடுத்து, வீடு திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன்பே மனைவியிடம் சொல்லிவிட்டுச் செல்லும்படி எழுதினோம். தோற்றுக்கொண்டிருப்பவன் மேசையில் அமர்ந்தபடி எடுக்கும் முடிவு எப்போதும் 'இன்னும் ஒரே ஒரு கை' என்பதாகவே இருக்கும். நெடுநேரமாக நல்ல சீட்டு வரவில்லை, ஆகவே இனி வந்தேயாக வேண்டும் என்று மனம் வாதாடும். சீட்டுக்கு ஞாபகம் கிடையாது. 1913-இல் மான்டி கார்லோ சூதரங்கில் சுழல்வட்டக் குண்டு தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தபோது, இனிச் சிவப்புதான் என்று நம்பிக் கட்டியவர்கள் பெரும்பணத்தை இழந்தார்கள். முகம் சுடுவதாக உணர்ந்தால் இரண்டு சுற்று விலகி, வெளியே நின்று தண்ணீர் குடிக்கட்டும், மது வேண்டா.

மரியா கொன்னிக்கோவா என்னும் உளவியலறிஞர் எரிக் சைடல் என்ற மூத்த ஆட்டக்காரரிடம் போக்கர் பயின்று 2020-இல் ஒரு நூல் எழுதினார். நல்ல சீட்டிருந்தும் தோற்ற கதையை அவர் புலம்பத் தொடங்கினால் ஆசிரியர் காது கொடுப்பதில்லையாம். எப்படி முடிவெடுத்தாய் என்பதை மட்டுமே கேட்பாராம். நம் இளைஞரையும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொன்னோம். எவ்வளவு போயிற்று என்று அதில் எழுத வேண்டா. எந்த முடிவு சரி, எந்த முடிவு அவசரம் என்று எழுதினால் போதும். தவறில்லாத தோல்வி என்று தெரிந்தால் அதோடு ஏட்டை மூடிவிடலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகவே எழுதினோம். விட்டதைப் பிடிக்க ஐம்பது நூறானாலோ, இழந்த தொகையை மனைவியிடம் குறைத்துச் சொல்ல நேர்ந்தாலோ, கடன் கேட்க நா எழுந்தாலோ, அது பொழுதுபோக்கு அன்று. அப்போது குறிப்பேடு உதவாது. 1957-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கிய சூதாட்ட மீட்புத் தோழமைக் குழுக்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. வெட்கப்படாமல் அங்கே போகவேண்டும்.

சென்ற மாதம் மறுகடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை ஆட்டம் இப்போது பத்து மணியோடு முடிகிறதாம். "நீர் இவ்வளவு கோபப்படும்படி அதில் என்னதான் இருக்கிறது, எனக்கும் சொல்லித்தாரும்" என்று மனைவி கேட்டிருக்கிறார். ஞாயிறு மாலைகளில் வேர்க்கடலையைப் பந்தயம் வைத்து இருவரும் ஆடுகிறார்கள். மூன்று வாரமாக அந்த அம்மையாரே வெல்கிறாராம். கடலையை எண்ணிக் கொடுப்பது மகளின் பொறுப்பு. அவ்வப்போது இரண்டொன்று வாய்க்குள் போய்விடுவதால் கணக்கு மட்டும் நேராவதில்லை என்று எழுதியிருக்கிறார்.