இஞ்சிச் சாறும் அதன் பொருளாதாரமும்

அண்மைக் காலமாக நம் பெருநகரக் கடைகளில் சிறு குப்பிகளில் அடைக்கப்பட்ட இஞ்சிச் சாறு விற்பனைக்கு வருகிறது. 'இஞ்சி ஷாட்' என்பது அதன் வணிகப் பெயர். காலையில் ஒரே மடக்கில் அருந்துவதற்கான 30 அல்லது 60 மில்லி லிட்டர் சாறு, அவ்வளவே. இஞ்சியைப் பிழிந்து தேன் கலந்து உண்பது நம் இல்லங்களுக்குப் புதிதன்று. பெயர் புதிதானவுடன் விலையும் புதிதாகிவிட்டது.

இச்சாற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 100 கிராம் இளம் இஞ்சியை நன்கு கழுவித் தோல் சீவி, 100 மில்லி லிட்டர் காய்ச்சி ஆறிய நீர் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் பிழிய வேண்டும். அரைமணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெண்ணிற வண்டல் படியும். அதை நஞ்சென்று கூறி நம் மூதாட்டியர் கொட்டிவிடுவார்கள். உண்மையில் அது பெரும்பாலும் மாவுப் பொருளே. ஆயினும் தெளிந்த சாறு அருந்துவதற்கு எளிது என்பதால் அவ்வழக்கத்தில் குறையொன்றும் இல்லை. தெளிவை இறுத்து, ஓர் எலுமிச்சம்பழச் சாறும் சிறிது தேனும் கலந்தால் ஐந்து வேளைக்குப் போதும். குளிர்பதனப் பெட்டியிலும் மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருத்தல் நன்றன்று. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இக்கணக்கின்படி ஒரு வேளைக்குச் செலவாகும் இஞ்சி 20 கிராம். ஒரு கிலோவில் 50 வேளை கிடைக்கும். இஞ்சியின் விலை கிலோ 100 ரூபாய் என்று கொண்டாலும், ஒரு வேளைக்கு இஞ்சிச் செலவு 2 ரூபாயே. குப்பியின் விலையில் எஞ்சிய பகுதி கண்ணாடிக்கும் குளிர்பதனத்திற்கும் விளம்பரத்திற்கும் இடைநிலை இலாபத்திற்கும் உரியது.

விளம்பரத்தைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மருந்துத் தாவரத் தொகுப்பு, பயணக் குமட்டல், கருவுற்ற தாய்மாரின் வாந்தி போன்றவற்றுக்கு இஞ்சி பயன்படுவதை ஏற்கிறது. ஆனால் நாள்தோறும் ஒரு குப்பி அருந்தினால் நோயே அணுகாது என்பதற்கு அத்தகைய சான்று இல்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் பித்தப்பைக் கல் உடையோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே அருந்த வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு வெறும் வயிற்றில் இச்சாறு ஒவ்வாது. உணவுப் பொருள்களுக்கான மிகையுரிமைக் கூற்றுகளைக் கட்டுப்படுத்த 2018-இல் தனி விதிமுறைகள் வந்துள்ளன. ஆயினும் குப்பியின் மேலுள்ள எழுத்தைப் படிப்பவர் சிலரே.

இனி, விளைவிப்போர் நிலை. உலகில் இஞ்சி உற்பத்தியில் முதலிடம் நம் நாட்டுக்கே. கர்நாடகம், மத்தியப் பிரதேசம், கேரளத்தின் வயநாடு ஆகியவற்றுடன் அசாம், மேகாலயா, மிசோரம், சிக்கிம் மலைச்சரிவுகளிலும் இது பணப்பயிர். ஒரு ஹெக்டேருக்கு விதைக்கிழங்கு மட்டுமே 1,500 கிலோவுக்கு மேல் தேவைப்படுவதால் தொடக்கச் செலவே பெருஞ்சுமை. நீர் தேங்கினால் மென்னழுகல் நோய் பரவி விதைக்கிழங்கே மிஞ்சாமற் போவதுண்டு. இவற்றைக் கடந்து அறுவடை செய்தாலும், பச்சை இஞ்சியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீரே. மலைப்பாதையில் லாரி சுமந்து வருவது பெரும்பாலும் அந்நீரைத்தான். விலை வீழ்ந்த ஆண்டில் வண்டிக்கூலி கட்டாது என்று கிழங்கை நிலத்திலேயே விட்டுவிடும் உழவரும் உளர்.

இதற்கு வழி, விளையும் இடத்திலேயே பதப்படுத்துவது. முற்றிய இஞ்சி ஐந்து கிலோ உலர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோ சுக்காகும். உலரும்போது இஞ்சியின் காரப்பொருளான ஜிஞ்சரால், அதனினும் காரம் மிக்க ஷோகோலாக மாறுகிறது; ஆகவே எடை குறைந்தும் உறைப்பு குறைவதில்லை. பல மாதம் கெடாத சுக்கை விலை ஏறும்வரை இருப்பு வைக்க இயலும். சாறெடுப்பதற்கோ இளம் இஞ்சியே உகந்தது. நடவு செய்த ஆறாம் மாதத்திலேயே தோண்டலாம். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'வரதா' போன்ற நார் குறைந்த இரகங்கள் இதற்கு ஏற்றவை. வடகிழக்கு மாநிலங்களுக்கென 2015-16-இல் தொடங்கப்பெற்ற இயற்கை வேளாண் மதிப்புச் சங்கிலித் திட்டம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைக்கவும் பதப்படுத்தும் கூடங்களை நிறுவவும் உதவி அளிக்கிறது. அத்தகைய கூடம் ஒன்றில் கழுவும் தொட்டி, சாறு பிழியும் பொறி, குளிரறை ஆகிய மூன்றும் இருந்தால் தொழில் தொடங்கிவிடும். இவற்றுள் தடங்கலின்றி மின்சாரம் வேண்டுவது குளிரறையே; பல மலைக்கிராமங்களில் திட்டம் தயங்கி நிற்பதும் அங்கேதான்.