ஒருவர் பாவத்துக்கு இன்னொருவர் சாவதா?
தேவராஜ மொஹல்லா டீக்கடையில் ஒரு வாதம்

பெரிய வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலை. தேவராஜா மார்க்கெட்டில் மொத்தப் பூ வியாபாரம் ஓய்ந்து, கடைக்காரர்கள் மிச்சப் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக் கொண்டிருந்த நேரம். பக்கத்துச் சந்தில் நம்மவர் ஒருவர் டீக்கடை நடத்துகிறார். இரவு டியூட்டி முடிந்து ஸ்டேஷனிலிருந்து வரும்போது அங்கே ஒரு டீ குடித்துவிட்டுப் போவது என் வழக்கம்.

அன்று நான் போனபோதே வாதம் சூடாகியிருந்தது. கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து, இங்கே வங்கிக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். நெற்றி நிறையத் திருநீறு. எதிரே தூத்துக்குடிச் சீமைக் கொத்தனார் மேஸ்திரி. கத்தோலிக்கர். பெஞ்சின் ஓரத்தில் ஆம்பூர்க்காரரான தையற்கடை பாய்.

“கோபித்துக் கொள்ளக் கூடாது மேஸ்திரி. தப்புப் பண்ணினவன் ஒருத்தன், தண்டனை அனுபவிக்கிறவன் இன்னொருத்தன். இது எந்த ஊர் நியாயம்? மனுநீதிச் சோழன் தன் மகனுக்குப் பதிலா வேறே ஒருத்தன் பிள்ளையையா தேர்க்காலில் போட்டான்?” என்றார் பெரியவர்.

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். “நகையை அடகு வெச்சுட்டோம்யா. திருப்ப வழியில்லே. மச்சினன் வந்து பணத்தைக் கட்டுறான். வெச்சவன் நீ, கட்டுறவன் அவன், நான் வாங்க மாட்டேன்னு சேட்டு சொல்லுவாரா? அதைத்தான் எங்க கோயில்லே மீட்புன்னு சொல்லுறோம்.”

“கடனைப் பிறத்தியார் கட்டலாம். தூக்குத் தண்டனையைப் பிறத்தியார் ஏற்க எந்தக் கோர்ட்டு ஒத்துக் கொள்ளும்?”

பாய் மெதுவாகத் தம் பங்கைச் சொன்னார். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பதுதான் குர்ஆனின் போதனை. ஈசா நபியைச் சிலுவையில் கொல்லவே இல்லை என்றும் அதில் இருக்கிறது என்றார்.

இந்த மூவரும் கிளப்பிய கேள்விகள் ஒன்றும் புதியவையல்ல. மேஸ்திரியின் அடகு உவமையையே எடுத்துக் கொள்ளுங்கள். மனிதனை மீட்கக் கிறிஸ்து தம் உயிரையே விலையாகக் கொடுத்தார் என்பது ஆதி கிறிஸ்தவர்கள் சொன்னதுதான். அப்படியானால் சேட்டு யார்? விலையை வாங்கிக் கொண்டது யார்? சாத்தான்தான் என்று அக்காலத்தில் பலர் எழுதினார்கள். திருடனுக்கு அவ்வளவு பெரிய விலையா, பிதாதான் கேட்டார் என்றால் அவரிடமா நாம் அடிமைப்பட்டுக் கிடந்தோம் என்று நாலாம் நூற்றாண்டிலேயே நசியான்சு கிரகோரியார் மடக்கினார். அவர் வேற்று மதத்தவரல்ல; திருச்சபையின் பெரிய வேதபாரகர்களில் ஒருவர்.

பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் ஆன்செல்ம் என்ற மேற்றிராணியார் வேறு கணக்குப் போட்டார். பாவத்தால் கடவுளின் மாட்சிமைக்குக் குறைவு செய்தவன் மனிதன். ஆகவே கடனாளி மனிதன். கட்டக்கூடிய சக்தியோ கடவுளுக்குத்தான் உண்டு. எனவே கடவுளே மனிதனாக வந்து கட்டினார் என்றார் அவர். அடுத்த தலைமுறையில் அபெலார் என்ற பாரிஸ் நகரத்து ஆசிரியர், கணக்கு வழக்கெல்லாம் எதற்கு, அந்த அன்பைக் கண்டு மனிதன் மனம் உருகித் திரும்புவதே மீட்பு என்றார். கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. கும்பகோணத்துப் பெரியவர் தாம் மட்டும் கண்டுபிடித்த ஓட்டை என்று நினைத்துக் கொண்டிருந்தார்!

காந்தியடிகளுக்கும் இதே இடத்தில்தான் தட்டியது. 1893இல் தென்னாப்பிரிக்கா போனபோது பிரிட்டோரியாவில் கிறிஸ்தவ நண்பர்கள் அவரை விடாமல் வற்புறுத்தினார்கள். பாவத்தின் விளைவிலிருந்து தப்ப எனக்கு ஆசையில்லை, பாவத்திலிருந்தே விடுதலை வேண்டும் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இனி மைசூருக்குச் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம். 1903இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குத் தத்துவம் போதிக்க ஏ. ஜி. ஹாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். கர்மமும் மீட்பும் என்ற பொருளில் கல்லூரிப் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதி, 1909இல் புத்தகமாக்கினார். அவர் கர்மக் கொள்கையைப் பரிகசிக்கவில்லை, மதிப்போடு அணுகினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். உலகம் ஒரு நீதிமன்றம் மட்டும்தானா? படும் துன்பமெல்லாம் பட வேண்டிய துன்பம்தான் என்றால், பிறருக்காக ஒருவன் படும் துன்பத்துக்கு என்ன பொருள்? தண்டனையை ஓர் ஆள் தலையிலிருந்து இன்னோர் ஆள் தலைக்கு மாற்றுவதல்ல மீட்பு. தீமையின் பாரத்தைக் கடவுள் தம் மேல் தாமே தாங்கிக் கொள்வதுதான் என்பது அவர் பேச்சின் சாரம்.

அவருடைய மாணவர்களில் ஒருவர் திருத்தணிப் பக்கத்து இளைஞர். வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்று மிஷனரிமார் சொன்னது அவரைச் சுட்டது. 1908இல், இருபது வயதில், அதற்குப் பதிலாகவே தம் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதினார். அதை மனதாரப் பாராட்டியவர் அதே ஹாக் துரைதான். மறுத்து எழுதிய பிள்ளைக்கு மெச்சிச் சான்று கொடுத்த ஆசிரியர்! அந்தப் பிள்ளை டாக்டர் ராதாகிருஷ்ணன். 1918 முதல் 1921 வரை இதே மைசூரில் மகாராஜா கல்லூரியில் பேராசிரியர். கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது மாணவர்கள் பூ அலங்காரம் செய்த சாரட்டில் அவரை உட்கார வைத்து, தாங்களே இழுத்துக் கொண்டு ஸ்டேஷன் வரை வந்தார்கள். நான் தினமும் வேலைக்குப் போகும் அதே மைசூர் ஸ்டேஷன்தான்.

இதையெல்லாம் நான் எனக்குத் தெரிந்த மட்டில் டீக்கடையில் சொன்னேன். பெரியவருக்கு ராதாகிருஷ்ணன் பெயர் வந்ததும் மகிழ்ச்சி. “பார்த்தீரா, நம்ம ஆள் பதில் கொடுத்துவிட்டார். விதைத்ததை அறுக்கத்தான் வேண்டும். யாருக்கும் காரணமில்லாமல் கஷ்டம் வராது” என்றார்.

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

“அப்போ என் மகன் என்ன வெதைச்சான்யா?” என்றார்.

பெரியவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போன வருஷம் சாரம் சரிந்து விழுந்து அந்தப் பையன் போய்விட்டான். பத்தொன்பது வயது. ஊரிலிருந்து துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர் பூர்வ ஜென்ம வினை என்றாராம். ஜெபம் செய்ய வந்த ஒரு பிரசங்கியார், வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது, அறிக்கையிடுங்கள் என்றாராம். இரண்டும் ஒன்றுதான் என்று மேஸ்திரி அப்போதே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இவனுமல்ல, பெற்றவர்களுமல்ல என்று இயேசு சொன்னதாக யோவான் சுவிசேஷத்தில் இருக்கிறது. அந்தப் பிரசங்கியார் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலும்.

பெரியவர் பாவம், முகம் வெளுத்துப் போனார். “நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை மேஸ்திரி” என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு, சைவத்திலும் அருள் உண்டு, குருவின் பார்வை பட்டால் சஞ்சித வினை எரிந்து போகும், உடம்போடு வந்த பிராரத்துவத்தைத்தான் அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்றார். சாஸ்திரப்படி சரிதான். ஆனால் அந்த நேரத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. மனுநீதிச் சோழன் கதையை அவர் பாதியில் நிறுத்தியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய புராணத்தில் அது தேர்க்காலோடு முடியவில்லை. இறைவன் தோன்ற, கன்றும் எழுகிறது, மகனைக் கொல்ல மனம் வராமல் தன்னையே மாய்த்துக் கொண்ட அமைச்சனும் எழுகிறான், மகனும் எழுகிறான்.

உயிர்த்தெழுதலைப் பற்றி மேஸ்திரி வாதாடுவதே இல்லை. வாதாட இடமில்லாமலில்லை. கல்லறைக்கு முதலில் போன பெண்கள் யார் யார், அங்கே கண்ட தூதர் ஒருவரா இருவரா என்பதில் நான்கு சுவிசேஷங்களும் நான்கு விதம். இட்டுக்கட்டிய கதையாயிருந்தால், பெண்களின் சாட்சியத்தை அதிகம் மதிக்காத அந்தக் காலத்தில் பெண்களையா முதல் சாட்சியாக வைப்பார்கள் என்பது எதிர்த் தரப்புக் கேள்வி. காயத்தில் விரல் விட்டுப் பார்த்தாலன்றி நம்ப மாட்டேன் என்ற தோமையாரைத்தான் மயிலாப்பூரில் அடக்கம் செய்ததாக ஐதீகம். கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் விசுவாசமே வீண் என்று பவுலே ஒப்புக் கொண்டு எழுதியிருக்கிறார். இப்படி முழுப் பந்தயத்தையும் ஒரே இடத்தில் கட்டியவர்கள் குறைவு.

நம் தொழிலாளர்கள் அறிய வேண்டிய ஒருவர் இதில் உண்டு. வெங்கல் சக்கரைச் செட்டியார். வக்கீல், தொழிற்சங்கத் தலைவர்; 1941இல் சென்னை மேயர்; பிற்காலத்தில் ஏ.ஐ.டி.யு.சி. தலைவராகவும் இருந்தார். 1903இல் ஞானஸ்நானம் பெற்ற அவர் இயேசுவை அவதாரம் என்றே எழுதினார். மற்ற அவதாரங்கள் காரியம் முடிந்ததும் முடிந்துவிட்டன. இதுவோ மரணத்தோடு முடியாமல் இன்றும் தொடர்கிறது, உயிர்த்தெழுதல் என்றால் அதுதான் என்பது அவர் கட்சி. அவருடைய உறவினரும் புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பிரதம நீதிபதியாக இருந்தவருமான செஞ்சையா, கிறிஸ்துவிடம் முக்கியம் புது மனிதப் படைப்பே என்றார். நீதிபதியாக இருந்தவருக்கே, மீட்பைக் கோர்ட்டு பாஷையில் பேசுவது பிடிக்கவில்லை! 1938 டிசம்பரில் உலக மிஷனரி மகாநாடு தாம்பரத்தில் கூடிய சமயம் இவர்கள் குழு வெளியிட்ட நூல் பெரிய சலசலப்பை உண்டாக்கியது.

அசோகா ரோடு பிலோமினா கோயிலுக்கு 1933இல் அஸ்திவாரக் கல் நாட்டியவர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார். அங்கே கண்ணாடி ஜன்னல்களில் சிலுவைப்பாடும் உண்டு, உயிர்ப்பும் உண்டு. மகன் போன பிறகு முதலாவதையே பார்த்துக் கொண்டு நின்றதாகவும், இப்போது இரண்டாவதையும் பார்ப்பதாகவும் மேஸ்திரி சொன்னார். “நம்புறியான்னு கேட்டா என்ன சொல்ல தம்பி? அவன் அம்மா நம்புதா. நான் கூடவே போறேன்.”

அன்று இரவுப் பாஸ்கா பூசைக்காக அந்த அம்மாள் ஊரிலிருந்து வந்து கொண்டிருந்தார். தூத்துக்குடி வண்டி எங்கே வருகிறது என்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டு விசாரித்துச் சொன்னேன். நாற்பது நிமிஷம் லேட். பெரியவர் “நானும் ஸ்டேஷன் வரை வருகிறேன் மேஸ்திரி” என்று எழுந்தார். பாய் கடை திறக்கப் போய்விட்டார். அவர்கள் இருவரும் இர்வின் ரோடு பக்கம் நடந்தார்கள்.