ஆகாயத்தில் 1 மணி. ரோட்டில் 7 மணி! புதுவை விமானம் இனியாவது நிலைக்குமா?

வில்லியனூர்–
பாகூர், வில்லியனூர் பக்கம் பிள்ளைகளை பிரான்சுக்கு அனுப்பிய பெற்றோர் பலர் உண்டு. லாஸ்பேட்டை விமான நிலையம் அவர்களுக்கு டவுன் பஸ் தூரம்தான். ஆனாலும் மூட்டை முடிச்சோடு கார் பிடித்து மீனம்பாக்கத்துக்கே ஓடுகிறார்கள். ஏன்?

எவ்வளவு தூரம்?

பெங்களூருக்கு ரோடு வழியாக 300 கிலோ மீட்டருக்கு மேல். பஸ்சில் 7 மணி நேரம். இடுப்பு ஒடிந்து விடும். ஆகாய மார்க்கமாக சுமார் 265 கிலோ மீட்டர்தான். ஐதராபாத் சுமார் 600.

இங்கு வரும் ஏ.டி.ஆர். விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 500 கிலோ மீட்டர். அப்படியானால் பெங்களூர் அரை மணி நேரம்தானே? அதுதான் இல்லை! ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, மேலே ஏற, இறங்க என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

ஓடுபாதையோ 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்க முடியாது. நீட்டுவதற்கு பக்கத்து தமிழ்நாட்டு நிலமும் வேண்டும்.

வந்தது, போனது!

2013-ல் பெங்களூர் விமானம் வந்தது. மறு வருடமே நின்றது. 2015-ல் வந்த இன்னொன்றும் சில மாதத்தில் "டாட்டா" காட்டியது. 2017-ல் உடான் திட்டத்தில் ஐதராபாத் சேவை தொடங்கியது. அதுவும் 2024 மார்ச்சில் நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 20-ந்தேதி இண்டிகோ இரண்டு ஊருக்கும் மீண்டும் தொடங்கியது.

பயணிக்கு தூரம் பிரச்சினை இல்லை. முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால், கிளம்பும் நாளில் விமானம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்!